கரையானின் மண்போர்வை

அந்தக் காலத்தில், தேரியில் ஊர்வதும் பறப்பதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாளில், நெடுவாலி என்ற உடும்பு தன் மனைவி மஞ்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆடி மாதத்துக் காலையில். அவள் வளைக்கு வெளியே நின்று, முகத்தில் ஒட்டிய செம்மணலை முன்னங்காலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். முட்டையிட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வயிறு ஒட்டிப்போய், தோல் இரு பக்கமும் தொங்கியது.

"பதினேழு இருக்கு," என்றாள். "நான் வாரதுக்குள்ள கீரி வந்துரப் போகுது. படுத்துத் தூங்கிராதியும்."

"தூங்கல. நீ எங்க போற?"

"கிழக்க சுனையில ஈரம் இருக்காம். கௌதாரி சொன்னா. நாக்க நனைச்சிட்டு வந்துருதேன்."

"சுருக்க வா."

"பின்ன, அங்கயா குடியிருக்கப் போறேன்?"

அவ்வளவுதான் பேச்சு. அவள் மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். மணலில் வால் இழுத்த கோடு ஒன்று இருந்தது. வெயில் ஏறுவதற்குள் மேல்காற்று அதையும் அழித்துவிட்டது.

தேரி என்பது செம்மணல் காடு. கடலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கடலின் ஈரம் அங்கே வருவதில்லை. மழை பெய்தால் அந்த நாழிகையிலேயே மணல் குடித்துவிடும். குடித்த தண்ணீர் இரண்டு பனை ஆழத்துக்குக் கீழே போய் நின்றுகொள்ளும். மேலே இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. அந்த வருஷத்துக்கு முந்தைய இரண்டு ஐப்பசியிலும் மழையே இல்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் கௌதாரி ஓடிவந்தாள். அவள் எப்போதும் பறக்காமல் ஓடித்தான் வருவாள். வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, மைனி சுனைக்கு இந்தாண்டயே கிடக்கா."

"கிடக்கான்னா?"

"எந்திரிக்கல அண்ணே. சுனையில ஈரம் இல்ல. நான் சொன்னது போன மாசத்துச் சேதி. வாய் சும்மா இருக்காம சொல்லித் தொலைச்சிட்டேன்."

நெடுவாலி அவளைத் திட்டவில்லை. போய், மஞ்சியைப் பல்லால் பற்றி, மேடுமேடாக இழுத்து வளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான்.

அந்தக் காலத்தில் தேரியில் செத்தவர்களுக்கு ஒரு முறை இருந்தது. மணலில் யாரையும் புதைப்பதில்லை. அங்கே மண்மேடு ஓர் இடத்தில் நிற்காது. இந்த ஆடியில் இங்கே இருக்கும் மேடு, அடுத்த ஆடியில் காற்றடித்து வேறிடம் போய்விடும். மணலில் புதைத்தால் மறுவருஷம் தன் ஆள் எங்கே கிடக்கிறார் என்று சொல்ல முடியாது. அதனால் செத்தவரின்மேல் சருகையும் சுள்ளியையும் காய்ந்த கிளையையும் குவித்து, அதற்குமேல் உடை என்ற முள்மரத்தின் முள்ளைப் போட்டு மூடுவார்கள். அதற்குக் கும்பாரம் என்று பெயர். அந்த வழியாகப் போகிறவர் எல்லாரும் ஒரு சுள்ளியாவது அதன்மேல் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உதிர்ந்தது எதுவாக இருந்தாலும் அது செத்தவர்களுக்கு என்பது சட்டம்.

அந்தச் சட்டத்தைக் காத்து நின்றவர் கட்டையன் என்ற ஆமை. தேரியில் அவரைவிட மூத்தவர் இல்லை. அவர் வீட்டு ஆட்களுக்கு மட்டும் பதினொரு கும்பாரம். ஒவ்வொன்றும் உடைமரத்தின் தலையைத் தொடும் உயரம். மஞ்சிக்கும் அவரே முன்னால் நின்று கும்பாரம் போட்டார்.

"நல்லா பெருசாப் போட்டாச்சு வேய்," என்றார். "எந்தக் காத்துக்கும் அசையாது. உம்ம பொஞ்சாதி எங்கயும் போகமாட்டா."

அதற்குப் பிறகு நெடுவாலி முட்டைகளோடு இருந்தான். ஆவணி பிறந்தது. ஒருநாள் மணலை விலக்கிப் பார்த்தபோது ஒரு முட்டையில் குழி விழுந்திருந்தது. உடும்பு முட்டைக்குக் கோழி முட்டைபோல் கெட்டியான ஓடு கிடையாது. தோல்தான். சுற்றிலும் ஈரம் இருந்தால் அதை உறிஞ்சி உப்பும். ஈரம் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதும் வெளியே போய் வற்றும். மறுநாள் நான்கில் குழி இருந்தது. நான்காம் நாள் பதினேழிலும் இருந்தது.

அவன் தன் உடம்பை முட்டைகளுக்குமேல் குடைபோல வைத்துப் படுத்துப் பார்த்தான். வெயில் மேலிருந்து மட்டும் வரவில்லை, மணலின் வழியாக எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. வளையைக் கைகொண்ட மட்டும் ஆழமாகத் தோண்டினான். தோண்டத் தோண்ட மணல் சரிந்து மூடிக்கொண்டது. கடைசியில் எழுந்து, ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடப் புறப்பட்டான்.

உடும்புக்கு நாக்குத்தான் மூக்கு. நாக்கை நீட்டி நீட்டி மணலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனான். சுனையில் இல்லை. பனைமரத்தின் அடிமூட்டில் இல்லை. திரும்பி வரும் வழியில், வளைக்குக் கொஞ்ச தூரத்தில் ஓர் உடைமரம் தனியாக நின்றது. அதன் அடியில் நாக்கு சட்டென்று குளிர்ந்தது. கடுகளவு ஈரமண் ஒன்று கிடந்தது.

"அத நக்கிப்போடாத," என்றது மரம். "அது எனக்குள்ளதும் இல்ல, உனக்குள்ளதும் இல்ல."

"உங்கிட்ட ஈரம் இருக்கா?"

"எனக்கு வேர் கீழ வரைக்கும் போகுது. உயிரப் பிடிச்சிக்கிடுத அளவுக்குத்தான் வருது. இலையெல்லாம் கொட்டிட்டேன். ஒரு சொட்டு மேல ஏத்தினா ஒன்பது சொட்ட வெயில் வாங்கிட்டுப் போயிருது. காலடியில நிழல்கூட இல்ல, பாரு. நான் உதிர்க்கிற சருகு என் மூட்டுலயே கிடந்தா மழைத்தண்ணி கொஞ்சம் நிக்கும், மண்ணும் மண்ணா இருக்கும். நீங்க அதக் கிடக்க விடுதியளா? உதிர்ந்த அன்னைக்கே அள்ளிட்டுப் போயிருதிய."

"அது செத்தவங்களுக்கு."

"செத்தவங்க அத என்ன செய்யுதாங்க?"

நெடுவாலி கும்பாரங்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் பிறந்ததுல இருந்து குடிச்ச வெயிலு அம்புட்டும் இலையாவும் கிளையாவும் அந்தக் கும்பாரத்துக்குள்ளதான் கிடக்கு," என்றது மரம். "எங்கிட்ட இருந்து போகும். எங்கிட்டத் திரும்பி வராது. இன்னும் எத்தன நாளைக்குத் தாங்குவேன்னு தெரியல. ஈரம் வேணும்னா அந்தா, அவளக் கேளு."

மரத்தின் வேர் மடிப்பில் கொஞ்சம் கரையான்கள் இருந்தன. அந்தக் காலத்தில் கரையானுக்குப் புற்று கிடையாது, கூரை கிடையாது. வெளுத்த உடம்போடு வெட்டவெளியில் அலைந்து, காற்று உருட்டிவரும் ஒன்றிரண்டு துரும்பைத் தின்று பிழைத்தன. பாதி வெயிலில் சாகும், பாதியை ஓணான் தின்னும். மிச்சம் இருந்தவர்களுக்குத் தாயாக இருந்தவள் பெயர் வெளுத்தாள்.

உடும்பின் நிழல் விழுந்ததும் அவள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணாச்சி, திங்க வந்தியளா, பேச வந்தியளா? திங்கதுன்னா இந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. அந்தப் பக்கம் நாலு பேரு இப்பத்தான் வேலை முடிச்சி வந்து படுத்திருக்கான்."

"பேசத்தான் வந்தேன் தாயி. இந்த ஈரமண் எங்க உள்ளது?"

"கீழ உள்ளது. இந்த வேரப் பிடிச்சிக்கிட்டே இறங்கினா தண்ணி இருக்கு. எங்க பிள்ளைங்க வாயில ஆளுக்கு ஒரு பொட்டு மண்ணக் கவ்விட்டு ஏறி வரும். முன்ன நெறைய பேரு போனோம். இப்ப போறவன் பாதி வழியில செத்துப்போறான். கீழ போக வழி தெரியுது. போகத்தான் வயித்துல ஒண்ணுமில்ல."

நெடுவாலி தன் முட்டைகளைப் பற்றிச் சொன்னான்.

"பச்ச இலை கொண்டாரட்டா?" என்று கேட்டான்.

"அது எங்களுக்கு ஆகாது. செத்தது வேணும், காய்ஞ்சது வேணும்."

அவன் யோசித்துவிட்டு, உடம்பில் பாதி உரிந்து தொங்கிய பழைய தோலை மரத்தின் வேரில் தேய்த்து இழுத்து அவர்கள் முன்னால் போட்டான். கண்மூடித் திறப்பதற்குள் அது இல்லை. பொழுது சாய்வதற்கு முன் பத்துக் கரையான்கள் ஈரமண்ணோடு வளைக்கு வந்து, ஓரமாக இருந்த ஒரு முட்டைமேல் அதை அப்பின. மறுநாள் காலையில் அந்த ஒரு முட்டையில் குழி பாதி எழும்பியிருந்தது.

நெடுவாலி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற பதினாறும் இன்னும் அதிகமாகக் குழிந்திருந்தன. உரிக்க அவனிடம் வேறு தோல் இல்லை. தேரி முழுவதும் தேடினாலும் உதிர்ந்த சருகு ஒன்று கிடைக்காது. எல்லாம் கும்பாரங்களில் இருந்தது. மற்றவர்கள் கும்பாரத்தில் கைவைக்க அவனுக்கு உரிமை இல்லை. அவனுக்கு என்று இருந்தது ஒன்றுதான்.

அன்று முழுவதும் அவன் மஞ்சியின் கும்பாரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தான். இரண்டு முறை எழுந்துபோய் முட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாள் விடிந்ததும் மேலே இருந்த முதல் முள்ளைப் பல்லால் பற்றி இழுத்தான்.

செய்தி கௌதாரி வழியாகப் பரவியது. உச்சிக்குள் தேரியே அங்கே வந்துவிட்டது. முயல்கள், ஓணான்கள், மயில் ஒன்று, எல்லாருக்கும் பின்னால் மெதுவாகக் கட்டையன். நெடுவாலியின் வாயெல்லாம் முள் கிழித்து ரத்தமாக இருந்தது.

"என்ன வேய்," என்றார் கட்டையன், "வீடு ஒதுங்க வைக்கீரோ?"

"ஆமா."

"யாருக்குத் தொறந்துவிடுதீரு?"

"கரையானுக்கு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. ஓர் ஓணான், "வெக்கங்கெட்ட சவம், பொஞ்சாதியப் பூச்சிக்குப் போடுது," என்று காதில் விழும்படியே சொன்னான். "நீ மட்டும் பூச்சியத் திங்காம இருக்கியோ?" என்று கேட்டாள் கௌதாரி. அவன் வேறு பக்கம் பார்த்தான்.

கட்டையன் இன்னும் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோவத்துல சொல்லல நெடுவாலி. இதக் கலைச்சிட்டா அடுத்த ஆடிக்கு அவ எங்க கிடந்தான்னு உமக்கே தெரியாது. என் பதினோரு பேரும் எங்கன இருக்காங்கன்னு கண்ண மூடிட்டுப் போய்த் தொடுவேன். அது ஒண்ணுதான் நமக்கு இருக்கு."

"தெரியாமத்தான் போகும்."

"பின்ன?"

"உள்ள பதினேழு கிடக்கு. அதுக்கும் ஒரு கும்பாரம் போடுவீராக்கும்."

"போடுவேன்," என்றார் கட்டையன். "நல்லா பெருசாவே போடுவேன்." அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவரால் தரமுடிந்தது அதுதான். அதைச் சொல்லி முடித்த பிறகு அவர் தலையை மெல்ல ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். அதற்குமேல் தடுக்கவில்லை.

நெடுவாலி கடைசி முள்ளையும் இழுத்துப் போட்டான். சருகும் சுள்ளியும் தெரிந்தன. அடியில் மஞ்சியின் வால்நுனி கொஞ்சம் தெரிந்தது. கரையான்கள் வரிசையாக வந்து கும்பாரத்தின் விளிம்பில் நின்றன.

"தாயி," என்றான் அவன், "ஒண்ணு கேட்டுக்கிடுதேன். மூடிட்டுச் செய்யுங்க. அவ கூச்சப்படுவா. இத்தன பேரு நிக்காங்க. யாரும் பாக்க வேண்டாம். நானும் பாக்க வேண்டாம்."

"எதக் கொண்டு மூட அண்ணாச்சி?"

"நீங்க கொண்டார ஈரமண்ணக் கொண்டு."

"அது முட்டைக்குள்ளதுல்லா? முட்டை தாங்காது. மொதல்ல அங்க கொண்டு போறோம். மூடுதத நாலு நாள் கழிச்சி வச்சிக்கிடலாம்."

அவன் கும்பாரத்தைப் பார்த்தான். வளையைப் பார்த்தான்.

"பாதி அங்க," என்றான். "பாதி இவளுக்கு."

வெளுத்தாள் தன் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தாள். கரையான்கள் விளிம்பில் இருந்த சருகை முதலில் தின்று, தெம்பு வந்து, உடைவேரைப் பிடித்துக் கீழே இறங்கின. மாலையில் ஈரமண்ணோடு ஏறி வந்தன. பாதி வளைக்குள் போனது. மீதிப் பாதியைக் கொண்டு கும்பாரத்தின்மேல் சருகு சருகாக, சுள்ளி சுள்ளியாக மெல்லிய மண் உறை போட்டுக்கொண்டே வந்தன. உறைக்குள் இருந்தபடியே தின்றன. வெளியே நின்றவர்களுக்குச் சிவப்பு மண் ஒன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பார்க்க ஒன்றுமில்லாமல் கூட்டம் கலைந்தது.

தின்னத் தின்னக் கரையான் பெருகியது. பெருகப் பெருக இன்னும் ஆழத்திலிருந்து மண் வந்தது. புரட்டாசி முடிவதற்குள் கும்பாரம் இருந்த இடத்திலும் வளையின்மேலும் சேர்ந்து செம்மண் புற்று ஒன்று எழுந்தது. தேரியில் எழுந்த முதல் புற்று அதுதான். அதன் உள்ளே வெளியில் இருக்கும் சூடு இல்லை. தொட்டால் ஈரம் பிசுபிசுத்தது. முட்டைகள் அதற்குள் கிடந்தன.

அவற்றில் பதினொன்று உப்பின. ஆறு உப்பவில்லை. பாதி என்று சொல்லாமல் முழுவதையும் முட்டைக்கே கொடுத்திருந்தால் அந்த ஆறும் பிழைத்திருக்குமா என்று நெடுவாலி யாரிடமும் கேட்கவில்லை. வெளுத்தாளும் சொல்லவில்லை. அந்த ஆறையும் கரையான்கள் மூடித்தான் தின்றன.

ஐப்பசியில் மழை வந்தது. பெரிய மழை இல்லை. மற்ற இடத்தில் எல்லாம் மணல் அதைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. புற்றைச் சுற்றி மட்டும் தண்ணீர் கொஞ்சம் நின்றது. கரையான் துளைத்த துளைகளில் இறங்கி, அது கொட்டிய மண்ணில் தங்கியது. பத்து நாளில் அங்கே புல் முளைத்தது. புல்லைத் தேடி வெட்டுக்கிளி வந்தது. வெட்டுக்கிளியைத் தேடி, வெக்கங்கெட்ட சவம் என்று சொன்ன அதே ஓணான் வந்தான். பக்கத்தில் நின்ற உடைமரம் இலை விட்டது. மார்கழி விடியலில் அந்த ஒரு மரத்தில்தான் பனி சொட்டியது. மரம் மேலே விட்ட மூச்சு குளிர்ந்து அதன் காலடியிலேயே திரும்ப விழுந்தது.

கௌதாரி தன் தாயின் கும்பாரத்தைத் திறந்துவிட்டாள். அதற்குப் பிறகு முயல்கள். ஒவ்வொருவரும் வந்து கரையானிடம் அதே வார்த்தையைச் சொன்னார்கள். மூடிச் செய்யுங்கள், யாரும் பார்க்க வேண்டாம். கட்டையன் இரண்டு வருஷம் பொறுத்திருந்தார். பிறகு ஒருநாள் தானே வெளுத்தாளிடம் வந்து, "பதினொண்ணு இருக்கு. கடைசியில உள்ளது என் தாயி. அத மட்டும் நான் இருக்கிற வரைக்கும் விட்டு வையி," என்றார். வெளுத்தாள் சரி என்றாள். அவர் இன்னும் வெகுகாலம் இருந்தார்.

புற்று எழுந்த மறுவருஷ ஆடியில் மேல்காற்று அடித்து மேடுகள் எல்லாம் இடம் மாறின. புற்று மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஆனால் அதற்குள் எந்த இடத்தில் மஞ்சி கிடந்தாள் என்று நெடுவாலியால் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்பே, மாசியில், அதன் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு பதினொரு குஞ்சுகள் வெளியே வந்திருந்தன. வந்ததும் முதல் வேலையாகக் கரையானைத்தான் பிடித்துத் தின்றன. "எங்களையுமா?" என்று கேட்டுச் சிரித்தாள் வெளுத்தாள். "தின்னட்டும், தின்னட்டும். நாங்களும் தின்னதுதான்." ஒவ்வொரு மழைக்காலத்திலும் முதல் மழை விட்டதும் அவள் தன் பிள்ளைகளில் ஒரு கூட்டத்துக்குச் சிறகு கொடுத்து வெளியே அனுப்பினாள். தேரியில் பசித்தவர் எல்லாரும் அன்று வயிறாரத் தின்றார்கள்.

அன்று முதல்தான் உடும்பு புற்றைத் தோண்டி அதற்குள் முட்டையிடுகிறது. அன்று முதல்தான் கரையான் எதைத் தின்றாலும், விழுந்த கிளையானாலும் வேலிக்கம்பானாலும் வீட்டு நிலைப்படியானாலும், ஈரமண்ணால் மூடிவிட்டே தின்கிறது. தேரியில் உடைமரத்தடியில் குனிந்து பார்த்தால் அந்த உறைகளைக் காணலாம். கிளையின் தடிமன், வளைவு, கணு எல்லாம் மண்ணில் அப்படியே இருக்கும். விரல் வைத்தால் உதிரும். உள்ளே கிளை இருக்காது.